பில் போடும் இடத்தில் பத்து இலக்கம்: நுகர்வோர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருப்பதால், மின்கட்டணம், சமையல் எரிவாயு பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்திருக்கிறோம்.

கேள்வி: தியாகராய நகரில் ஒரு துணிக்கடையில் பேரனுக்குச் சட்டை வாங்கினேன். கைப்பேசி எண்ணைச் சொல்லாவிட்டால் பில் போட முடியாது என்று கல்லாவில் இருந்த பெண் கூறிவிட்டார். வேறு வழியின்றிச் சொன்னேன். மறுவாரம் முதல் அதே கடையின் விளம்பரம் என் சமூக வலைத்தளக் கணக்கில் வருகிறது. நான் அந்தக் கடையை இணையத்தில் தேடியதே இல்லை. இது எப்படி நடக்கிறது? (வாசகி, நங்கநல்லூர்)

பதில்: கல்லாவில் இருந்த பெண்ணைக் கோபித்துக்கொண்டு பயனில்லை, அம்மா. பல கடைகளின் பில்லிங் மென்பொருளில் எண்ணுக்கான கட்டத்தை நிரப்பாமல் அடுத்த வரிக்குப் போகவே முடியாது. மந்தைவெளியில் ஒரு மருந்துக்கடையில் நான் எண் தர மறுத்தபோது, கடைப் பையன் சற்று யோசித்துவிட்டு ஒன்பதாம் எண்ணைப் பத்து முறை தட்டினான், பில் வந்துவிட்டது. அந்தப் பத்து ஒன்பதுகளின் கணக்கில் மயிலாப்பூர் வட்டாரத்தின் சர்க்கரை மாத்திரைகள் எத்தனை ஏறியிருக்கின்றனவோ தெரியாது.

சட்ட நிலை உங்கள் பக்கம்தான் இருக்கிறது. பொருள் வாங்குவோரிடம் கைப்பேசி எண்ணைக் கட்டாயப்படுத்திக் கேட்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்தில் வணிகர்களுக்கு அறிவுறுத்தியது. தவிர, நுகர்வோர் நம்பிக்கையின் பேரில் கொடுத்த சொந்தத் தகவலைச் சட்டம் அனுமதிக்காத வகையில் பிறருக்கு வெளியிடுவதையும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதே வகையில் சேர்த்திருக்கிறது.

இனி விளம்பரத்தின் கதைக்கு வருவோம். மெட்டா (ஃபேஸ்புக், வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனம்), கூகுள் போன்ற நிறுவனங்கள் விளம்பரம் தருவோருக்கு ஒரு வசதியைச் செய்து கொடுத்திருக்கின்றன. கடைக்காரர் தம் வாடிக்கையாளர்களின் எண்களைப் பட்டியலாக ஏற்றினால், ஒவ்வோர் எண்ணும் ஒரு கணித முறையால் நீண்ட எழுத்துச் சரமாக மாற்றப்படும். கணக்கு தொடங்கும்போது நீங்கள் அந்நிறுவனத்திடம் கொடுத்த எண்ணும் அதே முறையில் மாற்றப்படும். ஒரே எண்ணிலிருந்து ஒரே சரம்தான் வரும் என்பதால், இரண்டும் பொருந்தியவுடன் கடையில் சட்டை வாங்கியவரும் இந்தக் கணக்குக்கு உரியவரும் ஒருவரே என்பது உறுதியாகிவிடுகிறது. எண்ணை அப்படியே அனுப்புவதில்லை என்று நிறுவனங்கள் சொல்வது உண்மைதான். ஆனால் வாசலில் இருக்கும் பெயர்ப் பலகையைத் துணியால் மூடிவிட்டுக் கதவிலக்கத்தை மட்டும் காட்டினால் தபால்காரர் வீட்டைக் கண்டுபிடிக்க மாட்டாரா?

அந்த விளம்பரம் மீண்டும் வந்தால், அதன் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு, அது ஏன் உங்களுக்குக் காட்டப்படுகிறது என்ற விளக்கத்தைத் திறந்து பாருங்கள். வாடிக்கையாளர் பட்டியலைப் பயன்படுத்தியதாக அங்கே குறிப்பு இருந்தால், திரையை அப்படியே படமெடுத்து, பில்லின் நகலோடு பத்திரப்படுத்துங்கள். பட்டியலிலிருந்து எண்ணை நீக்கக் கோரிக் கடைக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்யலாம்.

கேள்வி: 2021இல் வாட்ஸ்அப் புதிய நிபந்தனைகளைக் காட்டியபோது, படிக்காமலே ஏற்றுக்கொண்டேன். என் செய்திகளைப் படிக்க அனுமதி கொடுத்துவிட்டேனா? (வாசகர், பெரம்பூர்)

பதில்: இல்லை. தனிநபர்கள் தமக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்திகள் அனுப்புபவரின் கைப்பேசியில் பூட்டப்பட்டு, பெறுபவரின் கைப்பேசியில்தான் திறக்கின்றன. 2016ஆம் ஆண்டு முதல் எல்லாப் பயனர்களுக்கும் இந்த முறைதான். நீங்கள் கவலைப்பட வேண்டியது உறையின் மேல் எழுதியிருப்பதைப் பற்றி: எந்த எண், எந்தக் கைப்பேசி, எவ்வளவு நேரம், எந்த வணிக நிறுவனத்தோடு தொடர்பு என்பன போன்ற விவரங்கள் உள்ளே இருக்கும் கடிதத்தைப் பிரிக்காமலே ஒருவரைப் பற்றி நிறையச் சொல்லிவிடும்.

ஃபேஸ்புக் நிறுவனம் வாட்ஸ்அப்பை வாங்கியது 2014இல். 2016இல் நிபந்தனைகளை மாற்றியபோது, விளம்பரத்துக்காக ஃபேஸ்புக்குடன் தகவலைப் பகிர வேண்டாம் என்று சொல்லப் பழைய பயனர்களுக்கு 30 நாள் அவகாசம் கிடைத்தது. 2021இல் அந்த வாய்ப்பு இல்லை. ஏற்றுக்கொள், இல்லையேல் விலகு என்பதே நிலை. அதே வேளையில் ஐரோப்பியப் பயனர்களுக்கு வேறு கொள்கை இருந்தது. அங்கே 2018 மே மாதத்திலிருந்து கடுமையான தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருந்ததே காரணம் என்று கருதுவதில் தவறில்லை. வீட்டு வாடகை ரசீது முதல் அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர் லாரி அறிவிப்பு வரை எல்லாமே ஒரே செயலியில் வரும் நம் ஊரில், விலகு என்று சொல்வது தெருவை விட்டே காலி செய் என்று சொல்வதற்குச் சமம். அத்தகைய ஒப்புதலை ஒப்புதல் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

சந்தையில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையமும் கிட்டத்தட்ட இதையே கூறியது. 2021 மார்ச்சில் தானாக விசாரணையைத் தொடங்கிய ஆணையம், 2024 நவம்பர் 18 அன்று மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்ததோடு, விளம்பரத்துக்காகப் பிற மெட்டா நிறுவனங்களுடன் வாட்ஸ்அப் தகவலைப் பகிர ஐந்தாண்டுத் தடையும் போட்டது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 நவம்பரில் அபராதத்தை உறுதி செய்தது. ஐந்தாண்டுத் தடையை நீக்கியது. அபராதத் தொகையைக் கேட்டு வியப்பவர்களுக்காக ஒரு கணக்கு: 2024இல் மெட்டாவின் உலக வருவாய் 16,400 கோடி டாலருக்கு மேல். அபராதமோ ஏறத்தாழ இரண்டரைக் கோடி டாலர். அந்நிறுவனம் அதை ஒன்றரை மணி நேரத்துக்குள் ஈட்டிவிடும்.

கேள்வி: மெரினாவில் நடந்துகொண்டே மனைவியிடம் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினேன். இரவில் மூட்டுத் தைல விளம்பரம் வந்தது. கைப்பேசி ஒட்டுக்கேட்கிறதா? (வாசகர், திருவல்லிக்கேணி)

பதில்: பெரிய நிறுவனங்கள் விளம்பரத்துக்காகப் பேச்சை ஒட்டுக்கேட்கின்றன என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, அவற்றுக்கு அந்தச் சிரமமும் தேவையில்லை. உங்கள் வயது, வீட்டு வைஃபையில் உங்கள் மனைவி தேடியவை, நீங்கள் போய்வந்த மருத்துவமனையின் இருப்பிடம் ஆகியவையே போதும். இருப்பிடப் பதிவை நிறுத்திய பிறகும் இணையச் செயல்பாட்டுப் பதிவு என்ற வேறோர் அமைப்பின் வழியே இருப்பிடத்தைச் சேகரித்ததாக எழுந்த வழக்கில், 2022இல் கூகுள் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஆகவே ஒலிவாங்கியைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில், ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் கூகுள் பகுதிக்குள் இருக்கும் விளம்பர அடையாள எண்ணை (விளம்பரதாரர்கள் உங்கள் கைப்பேசியை அடையாளம் காணும் எண்) நீக்குங்கள். இருப்பிட வரலாற்றோடு இணையச் செயல்பாட்டுப் பதிவையும் சேர்த்தே நிறுத்துங்கள்.

கேள்வி: புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதாமே? என் தகவல் கசிந்தால் இழப்பீடு கிடைக்குமா? (வாசகர், வேளச்சேரி)

பதில்: அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்ட் 24 அன்று. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில்தான் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு மேலும் 18 மாத அவகாசம் தரப்பட்டது. இழப்பீட்டைப் பொறுத்தவரை உங்களுக்கு ஏமாற்றம்தான். அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் அந்தப் பணம் இந்தியத் தொகுப்பு நிதிக்குச் செல்லும், பாதிக்கப்பட்டவருக்கு அல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீட்டுக்கு இருந்த 43அ பிரிவை நீக்குவதற்கும் இந்தச் சட்டமே வழிசெய்துள்ளது. இதை நான் பின்னடைவாகவே பார்க்கிறேன்.

பணம் கொடுத்து வாங்கிய பொருள் அல்லது சேவை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. நிறுவனம் எங்கிருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், வழக்கறிஞர் கட்டாயம் இல்லை, ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. பணம் கொடுக்காமல் பயன்படுத்தும் செயலிகளில்தான் சிக்கல், ஏனெனில் பணம் கொடுத்தவரையே சட்டம் நுகர்வோர் என்று வரையறுக்கிறது. விளம்பரதாரருக்கு விற்கப்படுவது நம் தகவல்தான் என்ற வாதம் வலுவானது என்றாலும், அதை நம்பி வழக்குப் போடுமாறு உங்களுக்கு நான் அறிவுரை சொல்ல மாட்டேன்.

மேலே சொன்ன 18 மாத அவகாசம் முடிந்ததும் உங்களுக்குப் பயன்படும் இரண்டு ஏற்பாடுகள் புதிய சட்டத்தில் உண்டு. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் எதிலும், அதாவது தமிழிலும், படிக்கும் வாய்ப்பை நிறுவனம் தர வேண்டும். ஒப்புதலைக் கொடுப்பது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாக அதைத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். ஒரே தொடுதலில் வாங்கிய ஒப்புதலைத் திரும்பப் பெறும் வழியை ஏழு பக்கங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தால் அது குற்றச்சாட்டுக்குரியது.

இந்தச் சட்டத்தின் கீழ் புகார்களை விசாரிக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்குப் போகும் முன் நிறுவனத்தின் குறைதீர் வழியை முயன்றிருக்க வேண்டும் என்பது சட்டத்தின் நிபந்தனை. எனவே முதல் மின்னஞ்சலை அந்நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். சமூக ஊடக நிறுவனமாக இருந்தால், 2026இல் திருத்தப்பட்ட 2021ஆம் ஆண்டு விதிகளின்படி 24 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, 7 நாட்களுக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அனுப்பிய தேதியையும், அவர்கள் தரும் பதிவு எண்ணையும் கைப்பேசியில் மட்டும் வைத்திராமல் ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதி வையுங்கள்.