பிறக்கப் போகும் குழந்தைக்குக் கட்டிலோடு ஒட்டி வைக்கும் கோ-ஸ்லீப்பர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: முதல் குழந்தை பிறக்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. கட்டிலை ஒட்டி வைக்கும் கோ-ஸ்லீப்பர் வாங்கலாமா, சாதாரணத் தொட்டிலே போதுமா? வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

கோ-ஸ்லீப்பர் என்பது, ஒரு பக்கத் தடுப்பை இறக்கிவிட்டுப் பெரியவர்கள் படுக்கும் கட்டிலோடு ஒட்டிக் கட்டும் சின்னத் தொட்டில். இரண்டு குழந்தைகளுக்கு இரண்டு கோ-ஸ்லீப்பர் வாங்கியவள் நான். முதலில் வாங்கியது சொதப்பல். இரண்டாவது சரியாக அமைந்தது. அது ஒன்றும் உசத்தியான தொட்டில் இல்லை. வாங்குவதற்கு முன்னால் எங்கள் கட்டிலை அளந்துகொண்டு போனோம், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் எந்தத் தொட்டில் நல்லது என்று கேட்பவர்களிடம், உங்கள் கட்டில் எப்படிப்பட்டது என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன்.

முதல் தடவை நடந்தது இது. ஏழாம் மாதத்தில் ஒரு படத்தைப் பார்த்து மயங்கிவிட்டோம். சாம்பல் நிறத் துணி, மரக்கால், தொட்டிலும் கட்டிலும் ஒரே பலகை போலச் சேர்ந்திருந்தன. வீட்டில் பிரித்துப் பூட்டியபோது, தொட்டிலின் இறக்கிவிட்ட பக்கத்தை எவ்வளவு ஏற்றினாலும் எங்கள் மெத்தையின் மேல்மட்டத்துக்கு 10 செ.மீ. கீழேயே நின்றது. எங்கள் மெத்தை அவ்வளவு தடிமன். போதாக்குறைக்குக் கட்டிலின் மரச்சட்டம் மெத்தையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால், தொட்டிலை எவ்வளவு நெருக்கித் தள்ளினாலும் நடுவில் ஒரு சந்து. நான்கு விரல் நுழையும். நாங்களும் புத்திசாலித்தனமாக ஒரு துண்டைச் சுருட்டி அதில் திணித்து வைத்தோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பிரசவம் முடிந்து ஒரு வாரத்தில் தையலைப் பார்க்க வீட்டுக்கு வந்த நர்ஸ், என்னைப் பார்ப்பதற்கு முன் அந்தத் துண்டைத்தான் பார்த்தார். "இதுல குழந்தை முகம் போய்ப் புதைஞ்சா தலையத் திருப்பிக்கத் தெரியாதும்மா, மொதல்ல இத எடுங்க" என்று சொல்லிவிட்டு அவரே உருவிப் போட்டார். அப்புறம் தொட்டிலை ஓரடி தள்ளி நிறுத்தி, இறக்கிவிட்ட பக்கத்தைத் தூக்கிப் பூட்டினார். "இப்படியே வச்சுக்கோங்க, இதுவும் தொட்டில்தான்." அந்தக் கோ-ஸ்லீப்பர் கடைசிவரை கோ-ஸ்லீப்பராக ஆகவே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும் சின்னத் தொட்டிலாகவே ஐந்து மாதம் இருந்தது.

உங்கள் முதல் கேள்விக்கான பதிலும் இதிலேயே இருக்கிறது. சாதாரணத் தொட்டில் போதுமா? தாராளமாகப் போதும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022-ல் புதுப்பித்து வெளியிட்ட பரிந்துரை, குறைந்தது முதல் 6 மாதம் குழந்தை பெற்றோரின் அறையிலேயே, ஆனால் தனக்கென்று தனிப் படுக்கையில் தூங்க வேண்டும் என்கிறது. அந்தத் தனிப் படுக்கை கட்டிலை ஒட்டியிருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தொட்டில் இருந்தாலே அறை ஒன்று, படுக்கை வேறு என்பது நிறைவேறிவிடுகிறது.

பிறகு எதற்கு இதை வாங்குகிறோம் என்றால், அம்மாவின் உடம்புக்காக. பிறந்த குழந்தை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலுக்கு எழும். சிசேரியன் ஆனவர்களுக்கு, படுத்த நிலையிலிருந்து எழுந்து உட்காருவதே முதல் இரண்டு வாரம் பெரிய வேலை. பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டும். எழுந்தபின் உயரமான கம்பிக்கு மேலே குனிந்து குழந்தையைத் தூக்குவது இன்னொரு தண்டனை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டிக் குழந்தையை இழுத்துக்கொள்ள முடிந்தால் அந்த இரண்டாம் பாதியாவது மிச்சம். எனக்கு இரண்டாவது பிரசவத்தில் இந்த ஒரு காரணத்தாலேயே கொடுத்த காசுக்குப் பலன் கிடைத்துவிட்டது. சுகப்பிரசவம், கணவர் குழந்தையைத் தூக்கிக் கையில் கொடுப்பார் என்றால், இது இல்லாமலும் சமாளித்துவிடலாம்.

சரி, அளப்பதற்கு வருவோம். தரையிலிருந்து உங்கள் மெத்தையின் மேல்மட்டம் வரை எத்தனை செ.மீ.? வெறும் மெத்தையை மட்டும் அளந்து நிறுத்தாதீர்கள். நான் ஓரமாகப் படுத்துக்கொள்ள, கணவர் டேப்பை வைத்து அளந்தார். ஆள் படுத்ததும் 3 செ.மீ. இறங்கியது. அந்த இரண்டு எண்ணையும் குறித்துக்கொண்டோம்.

பலர் நினைப்பதுபோல, நானும் நினைத்ததுபோல, இரண்டு மெத்தையும் ஒரே மட்டத்தில் இருக்கக் கூடாது. குழந்தையின் மெத்தை கொஞ்சம் பள்ளத்தில் இருக்க வேண்டும். கட்டில் பக்கமாக இறக்கிவிடும் தடுப்பு முழுவதும் மறைந்துவிடாமல், குழந்தையின் மெத்தைக்கு மேல் குட்டிச் சுவர் போல நிற்க வேண்டும். அமெரிக்கத் தர விதியில் இது சுமார் 10 செ.மீ., ஐரோப்பாவின் இஎன் 1130 தரத்தில் 2019-ல் வந்த பதிப்புப்படி 12 செ.மீ. குழந்தை பெரிய மெத்தைக்கு உருண்டு வராமல் காப்பது அந்தக் குட்டிச் சுவர்தான். அதன் மேல் விளிம்பு உங்கள் மெத்தையைவிட உயரமாகவும் இருக்கக் கூடாது; மேலே நீட்டிக்கொண்டிருந்தால் குழந்தையின் கழுத்து அதில் மாட்டலாம். எங்கள் முதல் தொட்டில் போல ரொம்பக் கீழே போனால், உங்கள் தலையணையும் போர்வையும் சரிந்து குழந்தை மேல் விழும். ஆக, தடுப்பின் விளிம்பும் உங்கள் மெத்தையின் மட்டமும் ஒன்றாக வர வேண்டும். வாங்கப் போகும் தொட்டிலில் அந்த விளிம்பு எத்தனை செ.மீ. வரை ஏறும், எத்தனை வரை இறங்கும் என்பதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லாக் கட்டிலுக்கும் பொருந்தும்" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள்.

இன்னொன்று, கட்டிலின் அடிப்பக்கம். பல கோ-ஸ்லீப்பர்களின் கால்கள் கட்டிலுக்கு அடியில் நுழைய வேண்டும். கீழே பெட்டி வைத்த, தரை வரை மூடிய கட்டில் என்றால் கால் நுழையாது, தொட்டில் ஒட்டாது. காலை உள்ளே மடக்கிக்கொள்ளும் மாடல்கள் இருக்கின்றன, அதைத் தேட வேண்டும். கட்டும் பெல்ட் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். சிலவற்றில் மெத்தைக்கு அடியில் குறுக்கே போய் எதிர்ப்பக்கச் சட்டத்தில் மாட்டும், சிலவற்றில் இந்தப் பக்கச் சட்டத்திலேயே சுற்றிக் கட்டும். மெத்தை சட்டத்துக்குள் குழிந்து உட்கார்ந்திருக்கிறதா, சட்டத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து இது மாறும். எங்கள் கட்டிலைப் போலச் சட்டம் வெளியே நீட்டியிருந்தால் பெரும்பாலான மாடல்கள் சரிப்படாது.

மாட்டிய பிறகு சோதிப்பது சுலபம். தொட்டிலை வெளிப்பக்கமாகப் பலமாக இழுங்கள். சந்து விழுந்தால் பெல்ட் இறுகவில்லை. எத்தனை மி.மீ. வரை போகலாம் என்றெல்லாம் கணக்குப் போடாமல், சந்தே இருக்கக் கூடாது என்று வைத்துக்கொள்வது நல்லது. பெல்ட் நாளாக நாளாகத் தளரும். கட்டிலில் ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் மெத்தை அரை விரல் நகரும். அதனால் தினமும் படுக்கும்முன் ஒரு இழுப்பு. எனக்கு அது கதவைப் பூட்டினோமா என்று பார்ப்பது போலப் பழகிவிட்டது. சந்து தெரிந்தால் துணி திணிக்காதீர்கள், நான் செய்த முட்டாள்தனம் போதும். பெல்ட்டை இறுக்குங்கள், முடியவில்லையா, பக்கத்தைத் தூக்கிப் பூட்டித் தனியாக நிறுத்திவிடுங்கள்.

கூட வரும் மெத்தையைப் பார்த்தால் யாருக்கும் மனசு ஒப்பாது. விரலால் அழுத்தினால் பலகை. என் மாமியார் தொட்டுப் பார்த்துவிட்டு, "பச்சக் குழந்தைய இதுலயா போடப் போற?" என்றார். அதில்தான் போட வேண்டும். பிறந்த குழந்தையின் தலை உடம்புக்குக் கனம், கழுத்தில் பலமில்லை. மெத்தென்ற பரப்பில் முகம் அமிழ்ந்தால், தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும். பிராணவாயு குறைந்துகொண்டே போகும். கட்டியான, சமமான மெத்தை, அதில் இறுக்கமாகப் பொருந்தும் ஒரே ஒரு விரிப்பு, மல்லாக்கப் படுத்த குழந்தை. தலையணை, பக்கத் திண்டு, பொம்மை, மேலே இன்னொரு மெத்தை எதுவும் வேண்டாம். வேறு மெத்தை வாங்கிப் போட்டால் ஓரத்தில் இடைவெளி விழும், தடுப்பின் உயரமும் குறைந்துவிடும்.

தலைப்பக்கத்தை உயர்த்தும் வசதி உள்ளவை விற்கின்றன. பால் கக்கும் குழந்தைக்கு நல்லது என்பார்கள். அதை நம்பி முதல் தொட்டிலில் இரண்டு நாள் சாய்த்துப் போட்டேன். குழந்தை வழக்கம்போலக் கக்கியது, காலையில் பார்த்தால் தொட்டிலின் கால்பக்கத்துக்குச் சறுக்கி வந்திருந்தது. சாய்த்துப் படுக்க வைப்பதால் கக்குவது குறையாது, தலை முன்னால் கவிழ்ந்து மூச்சுப் பாதை மடங்கும் ஆபத்துதான் கூடும். 2019 ஏப்ரலில் அமெரிக்காவில் சாய்வுத் தொட்டில் வகை ஒன்று, 47 லட்சம் எண்ணிக்கை, குழந்தைகள் இறந்ததால் திரும்பப் பெறப்பட்டது. 2022-ல் அங்கே 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளைச் சட்டமே தடை செய்துவிட்டது. அந்த வசதி இருக்கும் மாடலை வாங்கினால் அதைத் தொடாமல் விடுங்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். பக்கங்களில் வலைத்துணி இருந்தால் காற்று வரும், படுத்தபடியே குழந்தையைப் பார்க்கவும் முடியும். சக்கரம் இருந்தால் பூட்டு இருக்க வேண்டும். அதிர்வு, பாட்டு, மேலே குடை எல்லாம் காசுக்குக் கேடு. கீழே தொங்கும் பைதான் எங்கள் வீட்டில் அதிகம் உழைத்தது, டயப்பரும் துடைக்கும் துணியும் அதில்தான். கடையிலேயே ஒன்றை மட்டும் செய்து பாருங்கள்: பக்கத்தின் ஜிப்பை ஒரு கையால் திறந்து மூடுங்கள். எங்கள் முதல் தொட்டிலின் ஜிப் ராத்திரி இரண்டு மணிக்கு போட்ட சத்தத்தில், பால் குடித்துத் தூங்கிய குழந்தை திரும்ப எழுந்து உட்காராத குறை. இரண்டாவதில் கொக்கி அமைப்பு, சத்தமில்லை.

பக்கத்திலேயே தொட்டில் இருந்தாலும் பால் கொடுத்தபடியே தூங்கிவிடுவோம், அது நடக்கும். எனக்குப் பல தடவை நடந்திருக்கிறது. தூக்கம் கண்ணைச் சுழற்றுகிறது என்றால் சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ உட்கார்ந்து கொடுக்காதீர்கள். குழந்தை இடுக்கில் சிக்கும் ஆபத்து அங்கேதான் மிக அதிகம். தலையணையும் போர்வையும் ஒதுக்கிய கட்டில் அதைவிட ஆபத்துக் குறைவு. கண் விழித்ததும் குழந்தையை அதன் இடத்துக்கு நகர்த்திவிடுங்கள். வீட்டில் யாராவது புகைபிடிப்பவர், மது அருந்தியிருக்கிறார், தூக்கம் வரும் மாத்திரை சாப்பிடுகிறார், அல்லது குழந்தை குறைமாதம் அல்லது எடை குறைவு என்றால், ஒரே கட்டிலில் தூங்குவதை யோசிக்கவே வேண்டாம்.

எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்டால், பெரும்பாலும் ஐந்து ஆறு மாதம்தான். எடை வரம்பு அட்டையில் போட்டிருக்கும், ஆனால் எடைக்கு முன்னால் குழந்தை முந்திக்கொள்ளும். கைகளையும் முழங்காலையும் ஊன்றி எழத் தொடங்கிய நாளே அதன் ஆயுள் முடிந்தது. என் இரண்டாவது மகள் ஐந்தாம் மாதம் ஒரு விடிகாலையில் தடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே பெரிய தொட்டிலுக்கு மாற்றிவிட்டோம்.

இவ்வளவு குறுகிய நாளுக்குப் புதிது எதற்கு, தெரிந்தவர்களிடம் வாங்கிக்கொள்ளலாமே என்பது நியாயம்தான். கம்பெனி அந்த மாடலைத் திரும்பப் பெற்றிருக்கிறதா என்று பாருங்கள், மெத்தை அதனுடையதுதானா, பூட்டுகள் எல்லாம் பிடிக்கின்றனவா என்று பாருங்கள், பெல்ட்டுகளை எண்ணுங்கள். எங்களுடையதைத் தங்கை கேட்டபோது பரணிலிருந்து இறக்கினோம். இரண்டு பெல்ட்டில் ஒன்றைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடியும் கிடைக்காததால், "தனியா நிறுத்தித்தான் வச்சுக்கணும், கட்டிலோட கட்டக் கூடாது" என்று சொல்லி, மிச்சமிருந்த ஒரு பெல்ட்டையும் கழற்றி எடுத்துக்கொண்டுதான் கொடுத்தேன்.