‘யூஸ்டு டு’ போட்டால் மலை ரயில் நின்றுவிடும்!

கேள்வி: குன்னூரில் டாக்ஸி ஓட்டுகிறேன் ஐயா. சீசனில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி வண்டியில் ஏறினார்கள். மேட்டுப்பாளையத்து ரயிலைப் பற்றிப் பேச்சு வந்தது. ‘த ஸ்டீம் ட்ரெயின் யூஸ்டு டு கம் ஹியர் எவ்ரி மார்னிங்’ என்று சொன்னேன். அந்தம்மா முகம் வாடிப்போய், எப்போது நிறுத்தினார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். ‘யூஸ்டு டு’ என்றால் ‘வழக்கம்’ என்றுதானே பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள்?
— டாக்ஸி ஓட்டுநர், குன்னூர்

பதில்: அந்தம்மா மேல் தப்பே இல்லை அண்ணே. ரயில் தினமும் வருவது வழக்கம் என்று நீங்கள் சொன்னீர்கள், முன்னெல்லாம் வந்துகொண்டிருந்தது, இப்போது வருவதில்லை என்று அவர் காதில் விழுந்தது. 1899-இல் குன்னூர் வரைக்கும் வந்து, 1908-இல் ஊட்டியைத் தொட்டு, மண் சரிந்து தண்டவாளம் மூடிக்கிடக்கும் மழை நாட்கள் போக இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிற ரயிலை நீங்கள் ஒரே வாக்கியத்தில் நிறுத்திவிட்டீர்கள்.

‘வழக்கம்’ என்று சொல்லிக்கொடுத்ததில்தான் கோளாறு. நம் ‘வழக்கம்’ அன்றைக்கும் பொருந்தும், இன்றைக்கும் பொருந்தும். ‘தாத்தா சாப்பிட்டதும் வெற்றிலை போடுவது வழக்கம்’ என்றால் தாத்தா இப்போது இருக்கிறாரா, இல்லையா என்பதை வேறு கேள்வி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ‘யூஸ்டு டு’வுக்கு அந்தத் தாராளம் கிடையாது. முன்பு இருந்தது, இப்போது இல்லை, அவ்வளவுதான். நம்மூர் ஆபீஸ்களில் இன்று காலையும் ஐந்து மணிக்கு எழுந்தவரே ‘ஐ யூஸ்டு டு கெட் அப் அட் ஃபைவ்’ என்று சொல்வதைக் கேட்கலாம், நமக்குள் பேசும்போது அது ஓடிவிடும், யாரும் குழம்புவதில்லை, அதனால் அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வெளிநாட்டுக்காரர் வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது அது தகவலையே தலைகீழாக்கிவிடுகிறது.

இன்றைக்கும் நடப்பது என்றால் சாதாரண நிகழ்காலமே போதும்: ‘த ட்ரெயின் கம்ஸ் ஹியர் எவ்ரி மார்னிங்.’ வழக்கம் என்று அழுத்திச் சொல்ல வேண்டுமா? ‘யூஷுவலி’ ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சொல்வதற்கு முன், வாக்கியத்தின் கடைசியில் ‘இப்போ இல்லை’ என்று மனசுக்குள் ஒட்டிப் பாருங்கள், அது உண்மையாக இருந்தால் மட்டும் ‘யூஸ்டு டு’.

உங்கள் தொழிலுக்கு இது நிறையவே உதவும், மலையில் ‘இப்போ இல்லை’ என்று சொல்ல எவ்வளவோ இருக்கிறது. குன்னூரிலிருந்து ஊட்டி வரைக்கும் வழக்கமான ரயில்களை இப்போது டீசல் இன்ஜின்தான் இழுக்கிறது, அதனால் ‘ஸ்டீம் இன்ஜின்ஸ் யூஸ்டு டு புல் த ட்ரெயின் ஆல் த வே டு ஊட்டி’ என்று தாராளமாகச் சொல்லலாம். வெள்ளைக்காரன் காலத்தில் வெயில் வந்தால் மெட்ராஸ் அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு மேலே வந்துவிடும், ஆகவே ‘ஊட்டி யூஸ்டு டு பி த சம்மர் கேப்பிடல் ஆஃப் த மெட்ராஸ் பிரெசிடென்ஸி.’ ஊட்டியில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் பக்கம் போகும்போது ‘தே யூஸ்டு டு மேக் ஃபிலிம் ரோல்ஸ் ஹியர்’ என்று கை காட்டுங்கள், ‘இந்து’ ஃபிலிம் ரோல் போட்டுப் படம் எடுத்தவர்கள் யாராவது வண்டியில் இருந்தால் அவர்களே மீதிக் கதையைச் சொல்வார்கள். கடையில் பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீர் ஏன் இல்லை என்று கேட்டால் ‘ஷாப்ஸ் யூஸ்டு டு செல் இட், நாட் எனிமோர்.’

குறிஞ்சிக்கு மட்டும் உஷார்! ‘குறிஞ்சி யூஸ்டு டு ப்ளூம் எவ்ரி ட்வெல்வ் இயர்ஸ்’ என்றால் அந்தச் செடியே அழிந்துபோன மாதிரி ஆகிவிடும். கொடைக்கானல் பக்கம் 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, 2030-இல் பூக்க வேண்டும். ‘ப்ளூம்ஸ்’ என்றே சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் வீட்டோடு ஹோம்ஸ்டே நடத்துகிறோம். டிசம்பரில் ஸ்வெட்டர் இல்லாமல் நான் பாத்திரம் கழுவுவதைப் பார்த்து, குளிரவில்லையா என்று தங்கவந்த ஒரு பெண் கேட்டாள். ‘ஐ யூஸ்டு டு கோல்டு’ என்றேன். புரிந்துகொண்டாள், ஆனாலும் லேசாகச் சிரித்தாள். எங்கே இடித்தது?
— வாசகி, கொடைக்கானல்

பதில்: ஒரு ‘ஆம்’ விட்டுப்போச்சு அம்மா. ‘ஐ ஆம் யூஸ்டு டு த கோல்டு.’ பழகிப்போச்சு என்று அர்த்தம். ‘ஆம், இஸ், ஆர், வாஸ்’ இதில் ஒன்று முன்னால் வந்துவிட்டால் இது முழுக்க வேறு சரக்கு, குன்னூர் அண்ணன் கேட்டதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இதற்குப் பின்னால் பெயர்ச்சொல் வரலாம், வினை வந்தால் அதற்கு ‘இங்’ வால் வேண்டும். ‘ஐ ஆம் யூஸ்டு டு வாஷிங் இன் கோல்டு வாட்டர்’ சரி, ‘யூஸ்டு டு வாஷ்’ என்றால் இந்த இடத்தில் தப்பு. பலரும் சறுக்குவது இங்கேதான், ‘டு’வைப் பார்த்ததும் கை தானாக வெறும் வினையை எழுதிவிடுகிறது. இன்னும் பழகவில்லை, பழகிக்கொண்டிருக்கிறது என்றால் ‘கெட்’. ராத்திரி நடுங்கிக்கொண்டு இன்னொரு ரஜாய் கேட்கிறவர்களிடம் ‘யூ வில் கெட் யூஸ்டு டு இட்’ என்று சொல்லலாம், போகப் போகப் பழகிடும் என்று நாம் சொல்வதுதான் அது. (ரஜாயையும் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்.) சமவெளியிலிருந்து கல்யாணமாகி மேலே வந்த கதையைச் சொல்வதானால் ‘ஐ வாஸ்ன்ட் யூஸ்டு டு த மிஸ்ட் தென்.’

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, எழுத்தில் இதே மாதிரி இருக்கும். தைல மரத்து இலையைக் காட்டி ‘தீஸ் லீவ்ஸ் ஆர் யூஸ்டு டு மேக் ஆயில்’ என்கிறோமே, அதில் இலைக்கு ஒன்றும் பழகிப்போகவில்லை, எண்ணெய் எடுக்க அதைப் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவே. இங்கே ‘இங்’ வராது. உச்சரிப்பிலும் வித்தியாசம் உண்டு. தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள், பயன்படுத்துகிற ‘யூஸ்டு’வில் ‘ஸ்’ வரும்போது விரலில் அதிர்வு தெரியும், பழகிப்போன ‘யூஸ்டு’விலும் பழைய வழக்கத்து ‘யூஸ்டு’விலும் அந்த ‘ஸ்’ வெறும் காற்றாக வரும். அந்த இரண்டிலும் ‘டு’க்கள் ஒட்டிக்கொண்டு ‘யூஸ்ட்டு’ என்று ஒரே மூச்சில் போய்விடும், இரண்டு ‘டு’வையும் தனித்தனியாகத் தட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: ‘டிட் யூ யூஸ்டு டு’ சரியா, ‘டிட் யூ யூஸ் டு’ சரியா?
— பிளஸ் ஒன் மாணவி, கூடலூர்

பதில்: இரண்டாவது. ‘டிட்’ வந்ததும் இறந்தகாலத்தை அது எடுத்துக்கொண்டுவிடும், ‘டி’ எழுத்துக்கு அங்கே வேலை இல்லை. ‘டிடின்ட் யூஸ் டு’வும் அப்படியே. பேசும்போது இரண்டும் ஒன்றாகத்தான் காதில் விழும் என்பதால் கவலை பரீட்சைத் தாளுக்கு மட்டும்தான்.

கேள்வி: தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். வெளிநாட்டில் வளரும் பேத்திக்குத் தமிழ் படிக்க வராது, அதனால் என் சின்ன வயசுக் கதைகளை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘ஐ யூஸ்டு டு லிவ் இன் குன்னூர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதியதை மருமகன் அடித்துவிட்டார். அந்த ஊரில் நான் இப்போது இல்லைதானே? ‘வுட்’ போடலாமா?
— வாசகர், கோத்தகிரி

பதில்: உங்கள் மருமகன் சரியாகத்தான் அடித்திருக்கிறார். ‘இப்போ இல்லை’ பொருந்தினாலும், இத்தனை வருஷம், இத்தனை தடவை என்று கணக்குச் சொல்லிவிட்டால் ‘யூஸ்டு டு’ ஒட்டாது. ‘ஐ லிவ்டு இன் குன்னூர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதுங்கள், இல்லையென்றால் ஐந்து வருஷத்தை எடுத்துவிட்டு ‘ஐ யூஸ்டு டு லிவ் இன் குன்னூர்’ என்று விடுங்கள்.

‘வுட்’ போடலாம், ஆனால் திரும்பத் திரும்பச் செய்த செயலுக்கு மட்டும். ‘வீ வுட் வாக் டு ஸ்கூல் த்ரூ த டீ புஷ்ஷஸ்’ அழகாக இருக்கும். இருந்தது, பிடித்தது, தெரிந்தது மாதிரியான நிலைகளுக்கு அது ஆகாது. மார்க்கெட் பக்கம் ஒரு டாக்கீஸ் இருந்தது என்பதற்கு ‘தேர் வுட் பி எ டாக்கீஸ்’ என்று எழுதினால், இனிமேல்தான் கட்டப்போகிறார்கள் போலிருக்கிறது என்று பேத்தி நினைத்துக்கொள்வாள், அங்கே ‘தேர் யூஸ்டு டு பி’தான் வேண்டும். கதை சொல்லும்போது முதல் வாக்கியத்தில் ஒரு ‘யூஸ்டு டு’ போட்டுக் காலத்தைக் காட்டிவிட்டு, அடுத்து வரும் செயல்களுக்கு ‘வுட்’டும் சாதாரண இறந்தகாலமுமாகக் கலந்து எழுதிப் பாருங்கள். பக்கத்துக்கு இருபது ‘யூஸ்டு டு’ இருந்தால் எந்தப் பேத்தியும் மூன்றாம் பக்கம் புரட்ட மாட்டாள்.