படிக்கிணறு பார்க்கவா, குடிக்கவா?

கேள்வி: பழைய படிக்கிணறுகளைச் செலவழித்துப் புதுப்பிக்கிறார்களே, தண்ணீர் கிடைக்குமா? இல்லை, போட்டோ எடுக்க மட்டும்தானா? - வாசகி, துறையூர்

பதில்: இரண்டும் உண்டு. குஜராத்தின் பாட்டன் நகரில் ராணி உதயமதி 11-ம் நூற்றாண்டில் கட்டிய ராணி கி வாவ், சரஸ்வதி ஆற்று வண்டலில் பல நூற்றாண்டுகள் புதைந்து கிடந்தது. 2014-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அது சிற்பத்துக்காகப் போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

செகந்திராபாத் பன்சிலால்பேட்டை கிணறு வேறு ஜாதி. குப்பைமேடாகவே ஆகிப்போயிருந்ததைத் தோண்டி எடுத்து, 2022 டிசம்பரில் திறந்தார்கள். போன வருடம் போயிருந்தேன். கீழ்ப்படியில் உட்கார்ந்தால், மேலே கொதிக்கிற வெயில் மறந்துபோகிறது. இப்படிப்பட்ட கிணற்றில் தூர் வாரினால்தான் ஊற்றுக்கண் திறக்கும். ஆனால் பலர் செய்கிற தப்பு, கல் இடுக்குகளில் சிமென்ட்டை அப்புவது. பக்கவாட்டில் கசிந்து வருகிற நீருக்கு வழி அடைபடும், ஈரம் உள்ளே தங்கிக் கல்லும் பொரியும். பழைய கட்டடத்துக்குச் சுண்ணாம்புக் காரைதான் சரி. சுற்றிலும் தரையை மூடிவிட்டு, நாலு பக்கமும் போர் போட்டு உறிஞ்சினால் எந்தக் கிணறும் வற்றும். அதற்குக் கிணற்றைத் திட்டிப் பயனில்லை.

அப்புறம், துறையூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! திருச்சி போகும் வழியில் திருவெள்ளறையில் இறங்குங்கள். தந்திவர்மப் பல்லவன் காலத்து மாற்பிடுகு பெருங்கிணறு, ஸ்வஸ்திக் வடிவம், நாலு வாசல். ஒரு பக்கம் குளிப்பவரை மறுபக்கத்தவர் பார்க்க முடியாது. ஊரார் வைத்த பெயர் மாமியார் மருமகள் கிணறு!