விவசாயக் கழிவில் கரிக்கட்டி செய்யக் கிராமத்தில் கற்றுக்கொடுத்தால் எடுபடுமா?

எடுபடும். ஆனால் வீட்டுச் சமையலுக்கு என்று சொல்லிக் கற்றுக்கொடுக்காதீர்கள். திண்டிவனம் பக்கம் ஒரு மகளிர் குழுவிடம் நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். வீட்டில் காஸ் இருக்கிறது, தீர்ந்தால் வேலியோரம் வேலிக்காத்தான் (சீமைக்கருவேலம்) விறகு சும்மா கிடைக்கிறது. மூன்று நாள் மெனக்கெட்டு யார் கட்டி பிடிப்பார்கள்?

செய்முறை பெரிய வித்தை இல்லை. 200 லிட்டர் டிரம், அடியில் ஓட்டைகள், முட்டுக்கொடுக்க மூன்று கல். மல்லாட்டைத் (நிலக்கடலை) தோலைக் கொஞ்சம் பற்றவைத்து, அப்புறம் முறம் முறமாகப் போட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் நெருப்பு திணறிவிடும். வெள்ளைப் புகை மெலிந்ததும் டிரம்மைத் தரையில் இறக்கி, மூடி போட்டு, சந்துபொந்தெல்லாம் சேறு பூசிக் காற்றை அடைத்துவிடுங்கள். 10 கிலோ தோலுக்கு இரண்டரை கிலோ கரி தேறினால் நல்லது.

முதல் நாள் நான் அவசரப்பட்டு ஒரு மணி நேரத்தில் மூடியைத் திறந்தேன். காற்றுப் பட்டதும் உள்ளே இருந்ததெல்லாம் தணலாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாம்பல். "ராத்திரி முழுக்க ஆறணும் தம்பி" என்றார் ஒரு அம்மா. அவர் அப்பா கரிமூட்டம் போட்டவராம். முன்பே கேட்டிருக்கலாம்!

கரியைத் தூளாக்கி ஒட்டவைக்கக் கஞ்சி வேண்டும். ஹெய்ட்டியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி ஸ்மித் குழு கரும்புச் சக்கைக் கரிக்கு மரவள்ளி மாவைத்தான் பயன்படுத்தியது. இந்தியாவில் கோதுமை வைக்கோல் கரிக்குச் சாணி. நான் மரவள்ளி மாவை நீட்டியதும், "திங்கற மாவை நெருப்புல போடறதா?" என்று முகம் சுளித்தார்கள். சோறு வடித்த கஞ்சியில் பிசைந்து பார்த்தோம், கட்டி உதிர்ந்தது. கடைசியில் மாவுக்கே வந்தோம், ஆனால் கிலோ கரிக்கு ஒரு கைப்பிடிதான். எவ்வளவு ஈரம், எவ்வளவு அழுத்தம் என்பதை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. வறட்டி தட்டிப் பழகிய கைகள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள்: மூடிய அறையில் எரிக்கவே கூடாது. புகை இல்லையே என்று நம்பிவிடுவார்கள். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

சரி, யார் வாங்குவார்கள்? நாங்கள் இஸ்திரி வண்டிக்காரரிடம் போனோம். அவர் நாலு கட்டியைப் பெட்டியில் போட்டுக் கனியவைத்து, பழைய வெள்ளை வேட்டிக்கு மேலே பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். நெல் உமி கலந்து செய்த கட்டியிலிருந்து பொலபொலவென்று சாம்பல் கொட்டியது. உமியின் எடையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு சாம்பல்தான், வேறென்ன ஆகும். மல்லாட்டைத் தோல் கட்டியில் வேட்டி தப்பித்தது.

"இது சரி. மழைக்காலத்துலயும் தருவீங்களா?" என்று கேட்டார். அதனால் இப்போதெல்லாம் ஐப்பசி பிறக்கும் முன்பே காயவைத்து, கோணியில் கட்டிப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள்.