‘பஸ்ஸு’ என்றால் ஏன் இவ்வளவு கோபம்? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டிவி, மேடை, பேங்க் கவுன்ட்டர், எங்கே போனாலும் தப்புத் தப்பான உச்சரிப்பு. ‘ஆஃபன்’ என்பதை ‘ஆஃப்டன்’ என்கிறார்கள், கடனைக் குறிக்கும் ‘டெட்’ என்பதை ‘டெப்ட்’ என்கிறார்கள். ‘வெட்னஸ்டே’ என்று யாராவது சொன்னால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்குவதில்லை. வெள்ளைக்காரன் காலத்துச் சுத்தமான ஆங்கிலம் எங்கே போயிற்று?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், அரூர்

பதில்: சார், முதலில் சாப்பிடுங்கள். நீங்கள் சொன்ன மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ‘ஆஃப்டன்’ தப்பே இல்லை. ஆதியில் அந்த ட் இருந்தது, பிறகு பேச்சில் தேய்ந்து போனது (‘லிசன்’, ‘காஸில்’ இவற்றில் தேய்ந்த மாதிரியேதான்), அப்புறம் நாலு பேர் படிக்க ஆரம்பித்ததும் ஸ்பெல்லிங்கைப் பார்த்து மறுபடி ஒட்ட வைத்துக்கொண்டார்கள். இன்றைய ஆங்கில அகராதிகள் இரண்டையும் தருகின்றன. இங்கிலாந்திலேயே பலர் ட் போட்டுத்தான் பேசுகிறார்கள், அங்கேயும் உங்களைப் போன்ற ஆசிரியர்கள் பல்லைக் கடிக்கிறார்கள்.

‘டெப்ட்’ கதை வேறு. பிரெஞ்சிலிருந்து அந்தச் சொல் வந்தபோது அதில் ப் கிடையாது. லத்தீன் படித்த பண்டிதர்கள், ‘டெபிட்டும் என்ற லத்தீன் சொல்தானே இதற்கு மூலம்’ என்று பின்னால் அந்த எழுத்தைச் செருகினார்கள். யாரும் அதை உச்சரிக்கவில்லை, உச்சரிப்பதற்காக அது வைக்கப்படவும் இல்லை. ‘ரிசீட்’டில் உட்கார்ந்திருக்கும் ப் கூட அப்படி லத்தீன் பாசத்தில் வந்ததுதான். எழுத்தைப் பார்த்து நம்பிக்கையோடு படிக்கிற நம் பையன் ‘டெப்ட்’ என்றால் அவன் மேல் கோபப்படுவதா, செருகியவர்கள் மேல் கோபப்படுவதா? எனக்கென்னவோ இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. வெட்னஸ்டேக்கு மட்டும் உங்கள் பக்கம் ஒரு ஓட்டுப் போடுகிறேன், அந்த ட் உண்மையிலேயே வேண்டாம்.

வெள்ளைக்காரன் காலத்து ஆங்கிலம் என்றீர்களே, எந்த வெள்ளைக்காரன்? நம் பாரமகால் பகுதி (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரம்) 1792இல் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதும் இங்கே நிர்வாகத்துக்கு வந்தவர்கள் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும். மன்றோ கிளாஸ்கோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். 1799 வரை இங்கே கணக்கு வழக்கு பார்த்தவர். ஸ்காட்லாந்துக்காரர்கள் இன்றைக்கும் ‘கார்’ என்றால் அந்த ர் காதில் விழும்படிதான் சொல்வார்கள், லண்டன்காரர் அதை விழுங்கிவிட்டுக் ‘கா’ என்பார். நீங்கள் சுத்தம் என்று மனதில் வைத்திருப்பது தென் இங்கிலாந்தில் பணக்காரப் பள்ளிகளில் வளர்ந்த பேச்சு. டேனியல் ஜோன்ஸ் 1917இல் உச்சரிப்பு அகராதி போட்டபோது அதைத்தான் அடிப்படையாக எடுத்துக்கொண்டார். அந்த நாட்டிலேயே அப்படிப் பேசியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

கேள்வி: ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறேன். ஊர் பர்கூர் பக்கம், படித்தது அரசுப் பள்ளி. பெங்களூரிலிருந்து வரும் சக ஊழியர்கள் நான் ‘பஸ்ஸு’, ‘காரு’, ‘யெம்’, ‘வொன்லி’ என்று சொன்னால் அதே மாதிரி சொல்லிக் காட்டிச் சிரிக்கிறார்கள். மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை. என்ன செய்யட்டும்?
- ஒரு சகோதரி, ஓசூர்

பதில்: தங்கச்சி, அடுத்த தடவை சிரிப்பவரிடம் கன்னடத்தில் ‘பஸ்’ என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ‘பஸ்ஸு’ என்று எழுதினாலும் எழுதுவார். கார், அங்கே ‘காரு’. தெலுங்கிலும் அப்படியே. நாமாவது எழுதும்போது உகரத்தை விட்டுவிடுகிறோம், பேச்சில் மட்டும்தான் ஒட்டிக்கொள்கிறது. அவர்கள் அச்சிலேயே போடுகிறார்கள்! ‘எரடு’ என்று எழுதியதை ‘யெரடு’ என்று சொல்பவர் உங்கள் ‘யெம்’மைப் பார்த்துச் சிரிப்பது எந்த ஊர் நியாயம்?

இது சோம்பேறித்தனமும் இல்லை, படிப்புக் குறைவும் இல்லை. தமிழ்ச் சொல் எந்த மெய்யில் முடியலாம் என்று தொல்காப்பியம் பதினோரு எழுத்தைச் சொல்கிறது, அதில் வல்லினம் ஒன்றுகூடக் கிடையாது. க், ட், ப் என்று வெட்டினாற்போல நிற்பது நம் நாக்குக்குப் பழக்கமில்லை, அதனால் ஒரு குட்டி உகரத்தைத் துணைக்கு வைத்துக்கொள்கிறோம், ‘பாட்டு’, ‘காற்று’ எல்லாம் அப்படி நிற்பவைதான். ர், ல் இரண்டும் முடிவில் வரலாம் என்று இலக்கணம் அனுமதித்தும் ‘ஊரு’, ‘பாலு’ என்றுதானே வீட்டில் பேசுகிறோம். ‘யெ’ வருவதும் இப்படித்தான்: எலியை ‘யெலி’, எட்டை ‘யெட்டு’, ஒன்றை ‘வொண்ணு’ என்று சொல்லிப் பழகிய வாய் எம்மை ‘யெம்’ என்றும் ஓன்லியை ‘வொன்லி’ என்றும் சொல்லும்.

சரி, எதையுமே மாற்ற வேண்டாமா என்றால், சிலதை மாற்றத்தான் வேண்டும், ஆனால் அவர்கள் சிரிக்கிற இடம் அது இல்லை. வெளிநாட்டு வாடிக்கையாளரோடு போனில் பேசும்போது ‘பஸ்ஸு’ யாருக்கும் இடைஞ்சலாக இருக்காது. அழுத்தம்தான் காலை வாரும். தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் அழுத்தம் இடம் மாறினால் எதிரில் இருப்பவருக்குச் சொல்லே பிடிபடாமல் போகும். ‘டெவலப்’ என்பதில் நாம் முதல் அசையை அழுத்துகிறோம், அவர்கள் நடுவில் உள்ளதை. ‘ஹோட்டல்’ நமக்கு முன்னால் கனம், அவர்களுக்குப் பின்னால். ‘நெசசரி’யில் தலைகீழ், முதல் அசையை அழுத்த வேண்டும், நம்மவர்கள் பலர் இரண்டாவதைப் பிடித்துத் தொங்குவார்கள். புதுச் சொல் கற்கும்போது அர்த்தத்தோடு அழுத்தம் எங்கே என்றும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், கைபேசி அகராதியில் குரலே இருக்கிறது. அப்புறம் ப, ஃப இரண்டையும் பிரித்துச் சொல்லப் பழகுங்கள். மேனேஜர் ‘காபி’ கேட்டால் ஜெராக்ஸா, டம்ளரா என்று ஆபீஸே குழம்புகிறதே! இந்த இரண்டும் போதும். மீட்டிங்கில் பேசுங்கள்.

கேள்வி: தக்காளி மண்டி வைத்திருக்கிறேன். ஆறாவது படிக்கும் மகன், வியாபாரிகள் எதிரிலேயே என் இங்கிலீஷைத் திருத்துகிறான். பெருமைப்படுவதா, கோபப்படுவதா?
- ஒரு தந்தை, பாலக்கோடு

பதில்: திருத்துவது நல்லது, நாலு பேர் எதிரில் திருத்துவது எந்த மொழியிலும் மரியாதை இல்லை. இரண்டையும் அவனிடம் சொல்லுங்கள். கூடவே கேழ்வரகு, மரவள்ளிக்கிழங்கு, வாழைப்பழம் மூன்றையும் ழகரம் பிசகாமல் வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். மண்டியில் இருப்பவர்களுக்கும் கொஞ்சம் பொழுது போகும்.

கேள்வி: அமெரிக்கா போய்வந்த என் மைத்துனர் ‘வாட்டர்’ என்று சொல்வதே இல்லை, ‘வாடர்’ என்கிறார். கேட்டாலே எரிகிறது. என் எரிச்சல் சரிதானே?
- ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: எத்தனை வருடம் இருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அமெரிக்கர்கள் இரண்டு உயிருக்கு நடுவில் வரும் அந்த ட்டை மெலிதாகத் தட்டிவிட்டுப் போவார்கள், நம் ‘பாடு’வில் வரும் ட மாதிரிக் கேட்கும். பத்துப் பதினைந்து வருடம் அங்கே குடித்தனம் நடத்தியவருக்கு அது தானாக ஒட்டும், விட்டுவிடுங்கள். மூன்று மாத டூர் என்றால் தாராளமாக எரியுங்கள். என் எரிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தைத் தமிழ் வாடையோடு பேசினால் கேலி செய்கிற ஊரில், தமிழையே ஆங்கில வாடையோடு மூக்கால் பேசுகிற அறிவிப்பாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் பாருங்கள், அங்கே.

கேள்வி: ‘எச்’சா, ‘ஹெச்’சா? உங்கள் பத்திரிகையிலேயே இரண்டும் வருகிறது.
- ஒரு வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: வருகிறது, பிழை திருத்துபவரும் நானும் இதில் கட்சி பிரிந்து கிடக்கிறோம். அகராதிக்காரர்கள் ‘எய்ச்’ பக்கம். அயர்லாந்தில் ‘ஹெய்ச்’ சர்வசாதாரணம். வட அயர்லாந்தில் ஒருவர் அந்த எழுத்தைச் சொல்லும் விதத்தை வைத்தே அவர் கத்தோலிக்கரா புராட்டஸ்டன்டா என்று ஊகித்துவிடுவார்களாம், அந்த அளவுக்குப் போன விவகாரம். நமக்கு அந்த வம்பு இல்லை. எதைச் சொன்னாலும் புரிகிறது, நான் ‘எச்’.

கேள்வி: நாம் ‘தருமபுரி’ என்று எழுதுகிறோம், ஆங்கில போர்டில் வேறு உச்சரிப்பு. அரசு ஸ்பெல்லிங்கை மாற்றியதே, என்ன ஆயிற்று?
- ஒரு கல்லூரி மாணவர், பென்னாகரம்

பதில்: 2020 ஜூனில் அரசாணை வந்தது, 1018 ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றுவதாக. நம் ஊருக்கு டெல்லிக்குப் போடுகிற ‘டி’ போய், டீக்கடைக்குப் போடுகிற ‘டி’ வந்தது. கோயம்புத்தூர் பெயர்ப் பலகையில் அடங்காத நீளத்துக்குப் போனது. யார் எந்த விதிப்படி எழுதினார்கள் என்றே புரியாமல் ஊரெல்லாம் கேலி கிளம்ப, அதே மாதத்தில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. தமிழில் ஒரே த எழுத்துதான் தலைக்கும் தருமத்துக்கும், எங்கே மென்மையாக ஒலிக்கும் என்பது நமக்குக் காதால் தெரியும், ஆங்கில எழுத்துக்கு அது தெரியாது. எந்த ஸ்பெல்லிங் போட்டாலும் வெளியூர்க்காரர் ஒரு தடவை தடுமாறத்தான் செய்வார், கேட்டுத் திருத்திக்கொள்வார். மூலப் பெயர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் அதியமான் காலத்துத் தகடூருக்கே போக வேண்டியிருக்கும். தம்பி, பாஸ்போர்ட், ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்தில் மட்டும் புதுமை எதுவும் செய்யாதீர்கள். ஆதாரில் என்ன ஸ்பெல்லிங் இருக்கிறதோ அதையே எழுத்து மாறாமல் போடுங்கள், இல்லாவிட்டால் தாலுகா ஆபீஸுக்கு அலைவது நீங்கள்தான்.