ஸ்டோரில் இருப்பதும் சர்வரில் இருப்பதும்: எம்பர் டேட்டா கேள்வி பதில்

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழ் ஃப்ரன்ட்எண்ட் ஆட்கள் எம்பர் டேட்டா (எம்பர் என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃப்ரேம்வொர்க்கில் சர்வர் தகவலை வாங்கி வைத்துக் கையாளும் நூலகம்) பற்றி அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே சங்கதியைக் கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன். பெயருக்குப் பதில் ஏரியா மட்டும் போட்டிருக்கிறேன். எல்லாப் பதிலும் மாடல் (தகவலின் வடிவம்), அடாப்டர் (சர்வரோடு பேசுவது), சீரியலைசர் (தகவலைச் சர்வரின் வடிவத்துக்கு மாற்றுவது) என்ற வழக்கமான அமைப்பை வைத்துத்தான். இப்போது வார்ப்டிரைவ் என்ற பெயரில் வரும் புது வழிமுறைகளைத் தொடவில்லை.

கே.ஆர்.புரம்: அக்கா, கே.ஆர்.மார்க்கெட் பூ வியாபாரிகளுக்கு விலைப் பட்டியல் ஆப் பண்றோம். காலையில திறந்த டேப் அப்படியே கிடக்கும். மத்தியானம் மல்லிகைப் பக்கத்துக்குப் போனா முதல்ல காலை விலை வருது, கொஞ்ச நேரத்துல தானா புது விலையா மாறுது. "உங்க ஆப் ரெண்டு விலை சொல்லுது"ன்னு திட்டு வாங்குறோம். ரெக்கார்டு கேட்கிற ஃபைண்ட்ரெக்கார்ட்ல ஏதாவது பக் இருக்கா?

பக் இல்லை. ஃபைண்ட்ரெக்கார்ட் அப்படி நடந்துகொள்ளத்தான் எழுதப்பட்டிருக்கிறது. கேட்ட ஐடி ஸ்டோரில் இல்லையென்றால் சர்வருக்குப் போய் வாங்கி வந்த பிறகே பிராமிஸ் (பின்னால் வரும் பதிலுக்கான வாக்கு) நிறைவேறும். ஏற்கெனவே ஸ்டோரில் இருந்தால் இருப்பதை உடனே கொடுத்துவிட்டு, பின்னணியில் சர்வரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளும். பதில் வந்ததும் அதே ரெக்கார்டில் மதிப்புகள் மாறும். திரையும் கூடவே மாறும். தாலுகா ஆபீஸில் பதிவேடு, வீட்டு பீரோவில் அதன் ஜெராக்ஸ் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பிரவுசருக்குள் எம்பர் டேட்டா வைத்திருக்கும் ஸ்டோர்தான் அந்த பீரோ. இனி வரும் கேள்விகளில் பாதிக்கு மேல், "நான் இப்போது பீரோவைக் கேட்கிறேனா, தாலுகா ஆபீஸைக் கேட்கிறேனா" என்று தெரியாததால் வந்தவைதான்.

உங்கள் விஷயத்தில் விலையைக் காட்டும் இடத்தில் ரீலோட் ஆப்ஷனை ட்ரூ என்று கொடுங்கள். பழையதைக் காட்டாமல், சர்வர் பதில் வரும்வரை காத்திருக்கும். அந்த நேரத்துக்கு லோடிங் டெம்ப்ளேட் ஒன்று வைத்துவிட்டால் போதும். பூவின் பெயர், படம், எந்த மண்டி என்பதெல்லாம் தனி மாடலாக இருந்தால் அங்கே பேக்கிரவுண்ட்ரீலோடை ஃபால்ஸ் ஆக்கிவிடலாம். அவை மணிக்கு மணி மாறுவதில்லை, சும்மா சர்வரைத் தொந்தரவு செய்வானேன்? ஒவ்வொரு இடத்திலும் ஆப்ஷன் எழுத அலுப்பாக இருந்தால் அந்த மாடலின் அடாப்டரில் ஷுட்ரீலோட்ரெக்கார்ட், ஷுட்பேக்கிரவுண்ட்ரீலோட்ரெக்கார்ட் என்று இரண்டு மெத்தட் உண்டு. அங்கே ஒருதடவை முடிவு செய்துவிடலாம்.

பீக்ரெக்கார்ட் இதிலெல்லாம் சேராது. அது பீரோவைத் தாண்டிப் போகவே போகாது. இல்லையென்றால் நல் (ஒன்றுமில்லை என்ற மதிப்பு) கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கும்.

மாரத்தஹள்ளி: லிஸ்ட்ல இருந்து லிங்க் அழுத்திப் போனா பக்கத்துல பாதி தகவல்தான் வருது. அதே பக்கத்தை ரெஃப்ரெஷ் பண்ணா முழுசா வருது. ரீலோட் ட்ரூ போட்டும் மாறலை!

லிங்க் போடும் லிங்க்டூவுக்கு ரெக்கார்டையே கொடுத்திருக்கிறீர்கள். ஆப்ஜெக்டாகக் கொடுத்தால் எம்பர், "மாடல் கையில்தான் இருக்கிறதே" என்று ரூட்டின் மாடல் ஹூக்கை (அந்தப் பக்கத்துக்குத் தகவல் கொண்டுவரும் மெத்தடை) ஓட்டவே ஓட்டாது. உள்ளே நீங்கள் எழுதிய ரீலோட் ட்ரூ அப்படியே தூங்கும். ஐடியை மட்டும் கொடுங்கள், ஹூக் ஓடும்.

எலக்ட்ரானிக் சிட்டி: "புதுசு சேர்" ஃபார்மைத் திறந்துட்டு பேக் போனா, லிஸ்ட் கடைசியில ஒரு காலி வரிசை நிக்குது. சர்வர்ல பார்த்தா ஒண்ணுமே இல்ல.

கிரியேட்ரெக்கார்ட் கூப்பிட்ட நொடியே ரெக்கார்டு ஸ்டோருக்குள் வந்துவிடும், சேவ் செய்தாலும் செய்யாவிட்டாலும். ஃபைண்ட்ஆல், பீக்ஆல் கொடுப்பது உயிருள்ள பட்டியல்; ஸ்டோரில் என்ன சேர்ந்தாலும் அதில் தெரியும். புது ரெக்கார்டுக்கு பிலாங்ஸ்டூ (இது இன்ன ரெக்கார்டைச் சேர்ந்தது என்ற உறவு) ஒன்றைக் கொடுத்திருந்தால் அந்தப் பக்கத்து ஹேஸ்மெனியிலும் (அதைச் சேர்ந்தவற்றின் பட்டியல்) போய் உட்கார்ந்திருக்கும், பாருங்கள்.

இரண்டு வழி. ரூட்டை விட்டுப் போகும்போது, இஸ்நியூ (இன்னும் சேவ் ஆகாதது) என்றால் ரோல்பேக்ஆட்ரிபியூட்ஸ் கூப்பிடுவது ஒன்று. புது ரெக்கார்டுக்கு அது ஸ்டோரிலிருந்தே எடுத்துவிடும். இன்னொன்று, ஃபார்ம் நிரம்பும்வரை சாதாரண டிராக்டு ஆப்ஜெக்டில் (மாறினால் திரையும் மாறும் ஆப்ஜெக்ட்) வைத்துக்கொண்டு, சமர்ப்பி பட்டனை அழுத்தும்போதுதான் கிரியேட்ரெக்கார்ட் கூப்பிடுவது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். முதல் வழியில், யாராவது புதிதாக ஒரு "மூடு" பட்டன் சேர்த்து, அதில் ரோல்பேக் எழுத மறந்தால் காலி வரிசை திரும்ப வந்து நிற்கும்.

லிஸ்ட்டில் இஸ்நியூவை வடிகட்டிவிட்டால் போதாதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். கண்ணுக்கு மறையும். ஸ்டோரில் குப்பை இருந்துகொண்டே இருக்கும்.

ஒயிட்ஃபீல்ட்: எங்களுக்கு நேர்மாறு. சேவ் ஆகியும் லிஸ்ட்ல வரலை.

ஸ்டோர் குவெரி பயன்படுத்தியிருப்பீர்கள். அதன் விடை சர்வர் அந்த நேரம் சொன்ன பட்டியல். உங்கள் ஃபில்டருக்குப் புது ரெக்கார்டு பொருந்துமா என்பது ஸ்டோருக்குத் தெரியாது. சேவ் முடிந்ததும் ரூட்டை ரெஃப்ரெஷ் செய்யுங்கள்.

பி.டி.எம். லேஅவுட்: பிஜி ஹாஸ்டல் புக்கிங் ஆப். ஜாயினிங் தேதி 15னு தேர்ந்தெடுத்தா டேட்டாபேஸ்ல 14னு விழுது. அமெரிக்காவுல இருக்கற கிளையன்ட் டெஸ்ட் பண்ணா சரியா விழுது. எங்க ஃப்ளோர்ல யாருக்குமே சரியா விழல. மானம் போகுது அக்கா.

உங்கள் ஃப்ளோர்மேல் தப்பில்லை, நம் நாட்டு நேரம் உலக நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது, அவ்வளவுதான். ஆட்ரிபியூட்டை (மாடலின் ஒரு புலத்தை) டேட் என்று அறிவித்தால் எம்பர் டேட்டா அனுப்பும்போது அதை ஐஎஸ்ஓ வடிவில் உலக நேரமாக மாற்றும். தேதி பிக்கர் கொடுப்பது பெரும்பாலும் உள்ளூர் நள்ளிரவு. ஆகஸ்ட் 15 நள்ளிரவு 12 மணி என்பது உலக நேரப்படி ஆகஸ்ட் 14 மாலை 6.30. சர்வர் ஆள் அதில் முதல் பத்து எழுத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டால் 14தான் மிஞ்சும். அமெரிக்கா உலக நேரத்துக்குப் பின்னால் இருப்பதால் அங்கே நள்ளிரவை மாற்றினாலும் அதே தேதிக்குள் காலை நேரமாகத்தான் விழும். அதனால் கிளையன்ட் கண்ணில் இந்தத் தவறு படவே படாது.

அவருக்கு வேறு இடத்தில் உதைக்கும். சர்வர் வெறும் தேதியை அனுப்பினால் ஜாவாஸ்கிரிப்ட் அதை உலக நேர நள்ளிரவாகப் படிக்கும். நமக்கு அது காலை 5.30, தேதி மாறாது. அவருக்கு முந்தைய நாள் மாலை. ஆக, நீங்கள் எழுதும்போது ஒரு நாள் குறையும், அவர் படிக்கும்போது ஒரு நாள் குறையும். இரண்டு டீமும் அவரவர் பக்கத்தில் ஒரு நாளைக் கூட்டிச் சரிசெய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஜாயினிங் தேதி, பிறந்த தேதி போன்றவற்றுக்கு மணி நேரமே கிடையாது. அவற்றை டேட் ஆக்காமல் ஸ்ட்ரிங் ஆகவே வைத்துக்கொள்ளுங்கள்: ஆண்டு, மாதம், நாள். அல்லது டிரான்ஸ்ஃபார்ம் (மதிப்பை அனுப்பும்போதும் வாங்கும்போதும் மாற்றித் தருவது) ஃபோல்டரில் சொந்தமாக ஒன்று எழுதி, உள்ளூர் ஆண்டு, மாதம், நாளை எடுத்து அதையே அனுப்புங்கள். பணம் கட்டிய நேரம், கதவு திறந்த நேரம் போன்றவை உண்மையிலேயே ஒரு கணம். அவற்றுக்கு மட்டும் டேட் இருக்கட்டும். இன்னொன்று, பில்டு சர்வரின் கடிகாரம் பெரும்பாலும் உலக நேரத்தில்தான் ஓடும். அங்கே டெஸ்ட் பச்சையாக வந்ததை நம்பி இதை மூடிவிடாதீர்கள்.

சிக்பேட்டை: பேங்க் அக்கவுண்ட் நம்பரை நம்பர்னு போட்டேன். முன்னாடி இருக்கற பூஜ்யம் காணாமப் போகுது.

ஸ்ட்ரிங் போடுங்கள். கூட்டிக் கழிக்காத எண்ணெல்லாம் ஸ்ட்ரிங்தான்: அக்கவுண்ட், மொபைல், பின்கோடு. ஜாவாஸ்கிரிப்ட் முழு எண்ணைப் பிசகாமல் வைத்துக்கொள்வதே 9007199254740991 வரைதான், அதாவது 16 இலக்கத்துக்குள். ரூபாயைப் பைசாவாக முழு எண்ணில் வைத்தால் தசமத் தொல்லையும் இல்லை.

ஜெயநகர்: குறிச்சொற்கள் ஒரு அரே. புஷ் பண்றேன், திரையில வருது. ஆனா ஏதாவது மாறிச்சான்னு சொல்ற ஹேஸ்டர்ட்டிஆட்ரிபியூட்ஸ் ஃபால்ஸ்ன்னே சொல்லுது, சேவ் பட்டன் எழுந்திருக்க மாட்டேங்குது.

ஆட்ரிபியூட்டுக்குப் புது மதிப்பு வைத்தால்தான் எம்பர் டேட்டாவுக்குத் தெரியும். பழைய அரேக்குள்ளேயே கையை விட்டு மாற்றினால் அரே அதே அரேதான். பழையதைப் பரப்பி, கூடவே புதியதையும் சேர்த்து ஒரு புது அரே உண்டாக்கி அதை வையுங்கள். இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: உள்ளே மாற்றியதை ரோல்பேக் செய்யவும் முடியாது, ஏனென்றால் "பழையது" என்று அது வைத்திருப்பதும் அதே அரேதான்.

சிவாஜி நகர்: ஒரே ஆர்டரை ரெண்டு பேர் திறந்து வச்சிருக்காங்க. ஒருத்தர் முகவரி மாத்துறார், இன்னொருத்தர் போன் நம்பர் மாத்துறார். கடைசியா சேவ் பண்ணவர் மாத்தினது மட்டும் நிக்குது. பேட்ச்தானே போகுது, மாத்தின புலம் மட்டும்தானே போகணும்?

மெத்தட் பெயர் பேட்ச்தான். ஜேசன் ஏபிஐ அடாப்டர் அதைத்தான் அனுப்பும். ரெஸ்ட் அடாப்டர் என்றால் புட். ஆனால் உள்ளே போவது எல்லா ஆட்ரிபியூட்டும். நெட்வொர்க் டேபைத் திறந்து ஒருமுறை பாருங்கள், இரண்டாமவர் தொடாத பழைய முகவரியும் கூடவே போய் முதலாமவர் எழுதியதை அழித்திருக்கும்.

மாற்றியதை மட்டும் அனுப்ப, சீரியலைசரில் சீரியலைஸ்ஆட்ரிபியூட் மெத்தடை மேலெழுதுங்கள். ஸ்னாப்ஷாட்டின் (ரெக்கார்டின் அந்த நேரத்து நகல்) சேஞ்ச்டுஆட்ரிபியூட்ஸ் பட்டியலில் அந்தப் புலம் இருந்தாலோ, ரெக்கார்டு புதிதாக இருந்தாலோ மட்டும் சூப்பரை (மூல மெத்தடை) கூப்பிடுங்கள். நாலைந்து வரிதான். ரெஸ்ட் அடாப்டரோடு இதைச் செய்யவேண்டாம். புட் என்றால் முழுவதையும் மாற்று என்று பொருள்; சில சர்வர்கள் வராத புலத்தைக் காலி செய்துவிடும்.

இருவரும் ஒரே புலத்தை மாற்றினால் இது உதவாது. அதற்கு சர்வர் ஒரு பதிப்பு எண்ணோ ஈடேகோ (பதிப்பைக் குறிக்கும் அடையாளம்) கொடுத்து, நீங்கள் இஃப்மேட்ச் ஹெட்டரில் திருப்பி அனுப்ப, பொருந்தாவிட்டால் 412 (நிபந்தனை பொருந்தவில்லை) என்று சொல்ல வேண்டும். சர்வர் டீமோடு பேசாமல் ஃப்ரன்ட்எண்டிலேயே தீர்க்கப் பார்ப்பது வீண் உழைப்பு.

பெல்லந்தூர்: டெலீட்ரெக்கார்ட், டெஸ்ட்ராய்ரெக்கார்ட், அன்லோட்ரெக்கார்ட். குழப்பம்.

முதலாவது அடையாளம் மட்டும் போடும்; சேவ் கூப்பிட்டால்தான் சர்வருக்குப் போகும், அதற்குள் ரோல்பேக் செய்யலாம். இரண்டாவது, முதலாவதும் சேவும் சேர்ந்தது. மூன்றாவது ஸ்டோரிலிருந்து மட்டும் எடுக்கும், சர்வருக்குத் தெரியவே தெரியாது. சர்வர் நீக்க மறுத்தால் கேட்ச் பகுதியில் ரோல்பேக்ஆட்ரிபியூட்ஸ் கூப்பிட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் அந்த ரெக்கார்டு நீக்கிய நிலையிலேயே தொங்கும். ரோல்பேக் உறவுகளைத் திருப்பாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெயரிலேயே ஆட்ரிபியூட்ஸ் என்றுதான் இருக்கிறது.

இந்திரா நகர்: எங்க பேக்கெண்ட் அண்ணா ஸ்பிரிங்ல (ஜாவா ஃப்ரேம்வொர்க்) எழுதறார். "டேட்டா, ஆட்ரிபியூட்ஸ்னு பெட்டிக்குள்ள பெட்டி எதுக்கு"ன்னு சண்டை. 400னு எரர் அனுப்பறார், மாடல் எரர்ஸ் காலியாவே இருக்கு.

அந்தப் பெட்டிகள் ஜேசன் ஏபிஐ என்ற தகவல் வடிவத்தில் வருபவை. அவற்றுக்கு ஒரு கதை உண்டு. எம்பரை உருவாக்கியவர்களில் ஒருவரான யெஹூதா காட்ஸ், எம்பர் டேட்டாவின் ரெஸ்ட் அடாப்டர் எதிர்பார்த்த வடிவத்திலிருந்து 2013 மே மாதம் ஒரு வரைவு எழுதினார். அதுதான் வளர்ந்து 2015 மே 29 அன்று ஜேசன் ஏபிஐ 1.0 ஆக வந்தது. இப்போது அது எம்பருக்கு மட்டுமான சொத்தில்லை. ஆனாலும் அண்ணாவை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஜேசன் சீரியலைசரை எடுத்து, கீஃபார்ஆட்ரிபியூட்டில் அவருடைய பெயர் வழக்கத்தைச் சொல்லிவிட்டால் சமாதானமாகப் போகலாம்.

எரர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். 422 (அனுப்பிய தகவல் செல்லாது) வந்தால்தான் அடாப்டர் அதை இன்வேலிட் எரராக எடுத்துக்கொண்டு புலம் புலமாகப் பிரிக்கும். ஒவ்வொரு பிழைக்கும் சோர்ஸுக்குள் பாயின்டர் இருக்க வேண்டும், செய்தி டீட்டெயிலில் இருக்க வேண்டும். செய்தி கன்னடத்திலோ தமிழிலோ வரலாம், அதற்குத் தடையில்லை.

ஹெப்பால்: ஒரு போஸ்ட் திறந்தா 50 கமெண்ட்டுக்கு 50 ரிக்வெஸ்ட் போகுது.

சர்வர் ஐடிக்களை மட்டும் கொடுக்கிறது, ஹேஸ்மெனி அசிங்க் (தேவைப்படும்போது ஏற்றப்படுவது) ஆக இருக்கிறது. டெம்ப்ளேட் தொட்டதும் ஒவ்வொன்றாகத் தேடப் போகிறது. எச்டிடிபி 1.1 என்றால் குரோம் ஒரு சர்வருக்கு ஒரே நேரத்தில் 6 இணைப்புதான் திறக்கும், மீதி வரிசையில் நிற்கும். முதலில் கேட்க வேண்டியது இன்க்ளூட்: போஸ்ட்டோடு கமெண்ட்டும் ஒரே பதிலில் வந்துவிடும். கமெண்ட் ஆயிரக்கணக்கில் போகும் என்றால் உறவுக்கு ஒரு ரிலேட்டட் லிங்க் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் சர்வர் டீம் மசியாவிட்டால் அடாப்டரில் கோஅலெஸ்ஃபைண்ட்ரிக்வெஸ்ட்ஸை ட்ரூ ஆக்குங்கள், ஐடிக்கள் எல்லாம் ஒரே ஃபில்டர் அழைப்பாகச் சேர்ந்து போகும். அந்த ஃபில்டரையும் சர்வர் புரிந்துகொள்ள வேண்டும். எப்படிப் போனாலும் அந்த டீமுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்காமல் முடியாது.

அல்சூர்: ரெக்கார்டோட ஐடி 7ன்னு கண்ணுக்குத் தெரியுது, ஆனா 7க்கு சமமான்னு கேட்டா இல்லங்குது.

எம்பர் டேட்டாவில் ஐடி எப்போதும் ஸ்ட்ரிங். "7" என்று மேற்கோளுக்குள் வைத்து ஒப்பிடுங்கள்.