பிரைட்டனில் ஆடி அமாவாசை

கேள்வி: இங்கிலாந்தில் பிரைட்டனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறோம். என் வீட்டுக்காரருக்கு 68 வயது. ஆடி அமாவாசைக்குத் தேவிபட்டினத்தில் முழுக்குப் போடுவது வழக்கம். இந்த வருடம் அங்கேயே கடலில் போடலாமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: உடம்பு இடம் கொடுத்தால் போடலாம். ஆனால், தேவிபட்டினத்துப் பழக்கம் அங்கே உதவாது. பிரைட்டன் கரை முழுக்கக் கூழாங்கல். நீர் நன்றாக வற்றினால்தான் கொஞ்சம் மணல் தெரியும். சரிவும் அதிகம், நீர் ஏறியிருக்கும்போது சில எட்டுகளிலேயே ஆழம் வந்துவிடும். திரும்புகிற அலை காலடிக் கல்லையும் சேர்த்து இழுக்கும். சாதாரணச் செருப்பை அலை கொண்டுபோய்விடும் என்பதால் குதிகாலையும் மூடும் ரப்பர் காலணி வேண்டும்.

அடுத்தது குளிர். ஆடியில் அங்கே கடல் நீர் சுமார் 17 டிகிரி; நம் பக்கம் 28க்குக் குறையாது. குளிர்ந்த நீரில் இறங்கியதும் மூச்சு தன்னால் உள்ளே இழுக்கும். அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் உள்ளே போவது காற்றல்ல, தண்ணீர். அதனால் எடுத்த எடுப்பில் முழுகக் கூடாது. கை, பிடரி, முகத்தை நனைத்து, இடுப்பளவு நீரில் நின்று, மூச்சை மெதுவாக வெளியே விடட்டும். ஒன்றிரண்டு நிமிடத்தில் சீராகும். பிறகு மூன்று முழுக்கு, உடனே கரை. ரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ இருந்தால் முழுக்கே வேண்டாம். செம்பில் மொண்டு தலையில் தெளித்துக்கொள்ளட்டும்.

கரையேறிய பிறகும் சிறிது நேரம் உடம்பு குளிர்ந்துகொண்டேதான் இருக்கும். ஈர வேட்டியோடு நின்று பேச வேண்டாம். துவட்டி, கம்பளிச் சட்டை போட்டு, பிளாஸ்க்கில் கொண்டுபோன டீயைக் கொடுங்கள்.

சிவப்பும் மஞ்சளுமான இரண்டு கொடிகளுக்கு இடையில்தான் இறங்க வேண்டும். உயிர்காப்பாளர் பார்வை அங்கேதான் இருக்கும். முழுச் சிவப்புக் கொடி என்றால் இறங்கவே கூடாது. அமாவாசையை ஒட்டி நீர் ஏறி வற்றும் உயரம் சுமார் 6 மீட்டர். நீர் ஏறி வற்றும் நேர அட்டவணை பார்த்துப் போங்கள். சில அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் இருக்கும், கோடையில் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

காக்கைக்கு வைக்கிற சோற்றைக் கடற்கரையில் வைக்காதீர்கள். கடற்காகங்கள் கையிலிருந்தே பிடுங்கும்.

கேள்வி: இங்கிலாந்தில் மகள் வீட்டிலிருந்து வெஸ்டன் சூப்பர் மேர் என்ற கடற்கரை ஊருக்குப் போனோம். கடலையே காணோம், சேறுதான். ஏன்?
– வாசகர், கோட்டையூர்

பதில்: வற்றிய நேரத்தில் போயிருக்கிறீர்கள். அந்த ஊர் இருக்கும் பிரிஸ்டல் கால்வாய் என்ற கடல் பகுதி புனல் மாதிரிக் குறுகுவதால் ஏறுகிற நீர் ஒடுங்கி உயர்கிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி 12 மீட்டர்கூட ஏறி இறங்கும். தொண்டியில் ஒரு மீட்டர்கூட இராது. சுமார் ஆறு மணி நேரத்தில் நீர் திரும்பிவிடும். கடலைத் தேடிச் சேற்றில் நடக்க வேண்டாம். கால் புதைந்தால் பின்பக்கமாக உட்கார்ந்து அல்லது சாய்ந்து, பாரத்தைப் பரப்பிக்கொண்டு, அங்கத்திய அவசர எண் 999ஐ அழைத்து 'கோஸ்ட்கார்ட்' (கடலோர மீட்புப் படை) என்று கேளுங்கள்.

கேள்வி: பேத்திக்கு அஞ்சாங்கல் ஆட இங்கிலாந்துக் கடற்கரையிலிருந்து கூழாங்கல் எடுத்துவரலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம். கரையைக் காப்பதே அந்தக் கல்தான் என்பதால் பல கடற்கரைகளில் எடுக்கத் தடை உண்டு. 1949ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. காரைக்குடியில் கல்லுக்கா பஞ்சம்?